பாக் நீரிணையைத் தாண்டாத சான்றிதழ்கள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதில் முதன்முதலில் பி.ஏ. தேறிய இரண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை. பின்னாளில் மட்டக்களப்புக்காரரான விபுலாநந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்துவிட்டு, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே தமிழ்ப் பேராசிரியர் ஆனார். இரண்டு கரையும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன, தேர்வுகளும் பட்டங்களும் பிரிட்டிஷ் வழக்கப்படியே நடந்தன, அதனால் இங்கே படித்தது அங்கே செல்லுபடியானது. யாரும் நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து பேசி உண்டாக்கிய ஏற்பாடு இல்லை அது. சுதந்திரம் வந்ததும் ஒவ்வொரு நாடும் தனக்கான கல்வி முறையைக் கட்டிக்கொண்டது, அது நியாயமும்கூட. ஆனால் பிரிந்த முறைகளுக்கு நடுவே ஒரு பாலம் வேண்டுமே, அதைக் கட்டுவதில்தான் தெற்காசியா பின்தங்கிப் போனது.

இன்று இலங்கையின் வவுனியாவில் ஏ.எல்., அதாவது உயர்தரத் தேர்வு, முடித்த ஒரு மாணவி சென்னையில் கல்லூரியில் சேர நினைத்தால் மதிப்பெண் பட்டியலை நீட்டினால் மட்டும் போதாது. அந்தத் தேர்வு நம்ம ப்ளஸ் டூவுக்குச் சமம் என்பதற்குச் சான்று வேண்டும், அப்புறம் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் அரை லட்சத்துக்கும் அதிகமான இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் நம்ம அரசுப் பள்ளிகளில், நம்ம பாடநூல்களைத்தான் படித்து வளர்ந்தார்கள். அதில் ஒருவர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினால், இலங்கையின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் சர்வதேசக் கையேடுகளில் இருக்கிறதா என்று பார்க்கிறது. பெயர் இருந்தால் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டது, சரி. ஆனால் அவர் என்ன படித்தார், எவ்வளவு ஆழமாகப் படித்தார், அந்த ஊர்ப் பட்டத்துக்கு அது எந்த நிலையில் பொருந்தும் என்கிற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது.

அண்டை நாடுகளின் பாடத்திட்டங்களை இணைக்க வேண்டும் என்று யாராவது சொன்னதுமே பலருடைய மனதில் வருவது ஒரே புத்தகம், ஒரே சிலபஸ், ஒரே தேர்வு. ஆதரிக்கிறவர்களும் அப்படித்தான் கற்பனை செய்கிறார்கள், எதிர்க்கிறவர்களும் அப்படியே. உலகத்தில் இந்த வேலை ஓரளவுக்காவது வெற்றிபெற்ற இடங்களைப் பார்த்தால் அங்கே நடந்தது பெரும்பாலும் வேறு: என்ன படித்தோம் என்பதை இன்னொரு நாட்டுக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிவைப்பது, எவ்வளவு நேரம் படித்தோம் என்பதை ஒரே அலகில் சொல்வது, முடித்தபோது என்ன செய்யத் தெரியும் என்பதை வெளிப்படையாக வைப்பது. புத்தகம் அவரவர் புத்தகமாகவே இருக்கட்டும், அளவுகோல் பொதுவாக இருந்தால் போதும் என்பதுதான் என் நிலைப்பாடு. அதற்கான காரணங்களைத் தேடி வெளிநாடு போக வேண்டியதுகூட இல்லை, நம்ம மாநிலத்திலேயே நிறைய இருக்கின்றன.

சமச்சீர் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று பத்தாம் வகுப்பு வரை நான்கு பாடத்திட்டங்கள் ஒரே மாநிலத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அதை ஒன்றாக்க 2010இல் சட்டம் வந்தது, அந்த வருடமே ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் புதிய புத்தகம் வந்துவிட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு அதை நிறுத்திவைக்கப் பார்த்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போய் உச்ச நீதிமன்றம் போய், ஆகஸ்ட் 9ஆம் தேதி சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதுவரை பள்ளி திறந்து இரண்டு மாதம் பிள்ளைகள் கையில் பாடப்புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சமச்சீர் கல்வி தேவையான சீர்திருத்தம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஒரே மொழி, ஒரே அரசு, ஒரே சட்டமன்றம் இருந்த இடத்திலேயே புத்தகத்தை ஒன்றாக்குவது இவ்வளவு பாடு என்றால், தெற்காசியாவின் எட்டு நாடுகள் சேர்ந்து ஒரே புத்தகம் போடும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

கல்லூரி மட்டத்தில் இதைவிடச் சமீபத்திய அனுபவம் ஒன்று இருக்கிறது. அரசு வேலைக்காக டிஎன்பிஎஸ்சிக்கும் ஆசிரியர் வேலைக்காக டிஆர்பிக்கும் விண்ணப்பிக்கிறவர்களுக்கு இணைத்தன்மை அரசாணை என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கும் பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடுதலாக இருந்தால், அறிவிப்பில் கேட்ட பட்டத்துக்கு அது சமம்தானா என்று சந்தேகம் வந்துவிடும், அரசாணை இருந்தால்தான் பிழைத்தோம். சென்னையில் படித்துவிட்டு சென்னையிலேயே வேலை கேட்கிறவருக்கே இந்தத் தொல்லை. இதைத் தீர்க்கும் நோக்கத்தோடு தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24இல் எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது, தன்னாட்சிக் கல்லூரிகள் கடுமையாக எதிர்த்தன. பல வருடமாகத் தாங்களே உருவாக்கி, தொழில்துறையோடு பேசி, வருடா வருடம் புதுப்பித்து வந்த பாடங்களை எடுத்துவைத்துவிட்டு பொது அச்சுக்கு மாறச் சொன்னால் எந்த ஆசிரியருக்கும் மனசு வராது. பிரச்சினை உண்மையானது, ஆனால் மருந்து வேறாக இருந்திருக்கலாம். இந்தத் துறையில் பட்டம் பெற்றவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பொது வரையறையை எழுதிவிட்டு, எந்தப் பேப்பர் மூலமாக அதைக் கற்றுக்கொடுப்பது என்பதைக் கல்லூரியிடமே விட்டிருந்தால் இணைத்தன்மை அரசாணைக்கே அவசியம் குறைந்திருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பாடத்திட்டத்தைத் தொடாமல் மேலே ஒரு பொதுத் தேர்வை வைப்பது. பார்ப்பதற்கு மிக எளிதான வழி. அதன் விளைவு என்னவென்று 2017இல் நீட் வந்த பிறகு தமிழ்நாடு பார்த்துவிட்டது. கேள்வித்தாள் மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டி வரும், பிள்ளை படித்தது மாநிலப் பாடத்திட்டம், இடையில் உள்ள தூரத்தைப் பணம் உள்ளவர்கள் கோச்சிங் சென்டரில் கடந்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் தமிழ்வழிப் பிள்ளைகளும் எவ்வளவு பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள் என்பதை நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் விரிவாகவே பதிவு செய்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்து அதைக் கொஞ்சம் ஈடுகட்ட வேண்டியிருந்தது. பொதுத் தேர்வு வந்தால் பாடத்திட்டங்கள் தாமாகவே அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஒரு நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், பெரிய நாட்டின் தேர்வு சின்ன நாட்டின் பள்ளிக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

பொதுத் தேர்வே தவறு என்று சொல்ல வரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் 1952 முதல் ஒரு கூட்டுத் தேர்வு மன்றம் இயங்குகிறது. நைஜீரியா, கானா, சியரா லியோன், காம்பியா நான்கும் அதில் இருந்தன, லைபீரியா பிறகு சேர்ந்தது. பள்ளி முடிக்கும் மாணவர்களுக்கு அந்த மன்றம் நடத்தும் தேர்வுச் சான்றிதழை ஐந்து நாடுகளும் அறியும். கரீபியன் தீவுகளின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் பிள்ளைகள் கேம்பிரிட்ஜும் லண்டனும் அனுப்பிய கேள்வித்தாளைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1972இல் அந்தத் தீவுகள் சேர்ந்து கரீபியன் தேர்வு மன்றத்தை அமைத்தன, 1979இல் முதல் தேர்வு நடந்தது, கரீபியன் வரலாறு ஒரு பாடமாக அதில் இடம்பெற்றது. ஒவ்வொரு தீவும் தனியாகத் தேர்வு வாரியம் நடத்தும் அளவுக்குப் பெரியது இல்லை, எந்தத் தீவும் மற்றதை விழுங்கும் அளவுக்கும் பெரியது இல்லை, பாடத்தை எழுதியவர்கள் அந்த மண்ணின் ஆசிரியர்கள். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அது நின்றது.

தெற்காசியாவில் இந்த மூன்றுமே இல்லை. இந்தியாவின் அளவு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. இதற்குப் பூட்டான் நல்ல சாட்சி. அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடம் டெல்லியில் உள்ள ஐசிஎஸ்இ, ஐஎஸ்சி வாரியத்தின் தேர்வையே எழுதினார்கள், அங்கே முதலில் வந்த ஷெருப்ட்சே கல்லூரி டெல்லிப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது, பட்டமும் டெல்லிப் பட்டம். மாணவர்களுக்கு இதில் பெரிய வசதி இருந்தது, இந்தியாவில் எந்தக் கல்லூரியிலும் தயக்கமில்லாமல் சேரலாம். ஆனாலும் பூட்டான் 2003இல் தன் அரசப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது, பள்ளித் தேர்வுகளையும் 2000களில் படிப்படியாகத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. தன் பிள்ளைக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை இன்னொரு நாட்டின் அலுவலகத்தில் தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் நெடுநாள் ஒத்துவராது. இணைப்பு என்ற பெயரில் வரும் எந்தத் திட்டமானாலும் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: முடிவெடுக்கும் மேசையில் சின்ன நாட்டுக்கு எத்தனை நாற்காலி?

அப்புறம் எல்லோரும் உதாரணம் காட்டும் ஐரோப்பா. 1998இல் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் நான்கும் சோர்போனில் ஒரு அறிக்கை வெளியிட்டன, அடுத்த வருடம் இத்தாலியின் போலோக்னாவில் 29 நாடுகள் கையெழுத்துப் போட்டன. இன்று அந்த வளையத்தில் 49 நாடுகள். இதை ஏதோ ஐரோப்பா முழுக்க ஒரே சிலபஸ் வந்ததுபோலப் பேசுகிறார்கள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இளநிலை, முதுநிலை, முனைவர் என்று மூன்று படிகள், ஒரு வருடப் படிப்புக்கு 60 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு), பட்டத்தோடு சேர்த்து என்ன படித்தார் என்று விளக்கும் ஒரு இணைப்புத் தாள், தரத்தைச் சோதிக்கும் அமைப்புகளுக்குப் பொதுவான விதிகள். முக்கியமாக இவ்வளவுதான். பாரிஸில் தத்துவம் படிப்பதும் வார்சாவில் தத்துவம் படிப்பதும் இன்றும் வேறு வேறு படிப்புகள்தான், ஆனால் ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க முடிகிறது.

அதற்கும் விலை கொடுத்தார்கள். ஜெர்மனியில் பழைய டிப்ளோம், மகிஸ்டர் பட்டங்கள் பெரும்பாலும் போயின, ஐந்து வருடம் நிதானமாகப் படித்ததை மூன்று வருட இளநிலைக்குள் அடைத்தார்கள், தேர்வுமேல் தேர்வு வந்தது, 2009இல் மாணவர்கள் தெருவுக்கு இறங்கினார்கள். சட்டம், மருத்துவம் மாதிரியான படிப்புகள் அரசுத் தேர்வு முறையிலேயே நின்றுவிட்டன. இத்தனை வருடம் கழித்தும் ஒரு நாட்டுப் பட்டம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்வது எல்லா இடத்திலும் நடந்துவிடவில்லை. அதனால்தான் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் 2018இல் தங்களுக்குள் தனியாக ஒரு தானியங்கி அங்கீகார ஒப்பந்தம் போட்டுக்கொண்டன, பெல்ஜியமும் நெதர்லாந்தும் லக்ஸம்பர்க்கும் அதற்கு முன்பே அப்படிச் செய்திருந்தன. பெரிய கூட்டத்தில் தாமதமாவதை இரண்டு மூன்று அண்டை வீட்டுக்காரர்கள் சேர்ந்து சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம் என்பதை நம்ம பக்கத்துக்கு மிகவும் பயன்படும் பாடமாக நினைக்கிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கென்யாவில் பல வருடம் நடந்த முறையில் பள்ளி 12 வருடம், பட்டம் 4 வருடம். உகாண்டாவில் பள்ளி 13 வருடம், பட்டம் பொதுவாக 3 வருடம். கூட்டினால் இரண்டும் 16. ஆனால் கென்யப் பிள்ளை பள்ளி முடித்ததும் உகாண்டாவில் கல்லூரி சேரப் போனால் ஒரு படி குறைகிறது, இடையில் ஒரு இணைப்புப் படிப்பு தேவைப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2017இல் தங்கள் பகுதியைப் பொது உயர்கல்விப் பகுதியாக அறிவித்தன, அறிவித்த பிறகும் இந்த மாதிரி நுழைவாயில் சிக்கல்கள்தான் அன்றாடத் தலைவலி.

இந்தக் கணக்கை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் உண்மையான பூட்டு இங்கேதான் இருக்கிறது. நமக்குப் பள்ளி 12 வருடம், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் 3 வருடப் பட்டம், ஆக 15. இலங்கையில் உயர்தரம் முடிய 13 வருடம், சாதாரணப் பட்டம் 3, சிறப்புப் பட்டம் 4, ஆக 16 அல்லது 17. கிரெடிட் கணக்கு இன்னும் குழப்பும். இந்தியாவின் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஒரு வருடத்துக்கு 40 கிரெடிட், அதற்கு 1200 மணி நேரப் படிப்பு, அதாவது ஒரு கிரெடிட் 30 மணி நேரம். இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட் 50 மணி நேரம், ஆக வருடத்துக்கு 1500. ஐரோப்பாவில் வருடத்துக்கு 60 கிரெடிட், ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேரம். இப்போது ஒரு இந்திய 3 வருடப் பட்டத்தில் 120 கிரெடிட் என்று எழுதியிருக்கிறது, ஒரு இலங்கை 4 வருடச் சிறப்புப் பட்டத்திலும் 120 கிரெடிட் என்றே எழுதியிருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்கிற எழுத்தர் இரண்டும் ஒன்று என்பார். மணிக்கணக்கில் பார்த்தால் முன்னது 3600, பின்னது 6000. இலங்கையின் 3 வருடப் பட்டம் 90 கிரெடிட்தான், ஆனால் 4500 மணி நேரம், நம்ம 120ஐவிட அதிகம். ஒரு கடையில் நெல்லைப் படியால் அளந்து, அடுத்த கடையில் மரக்காலால் அளந்து, இரண்டு இடத்திலும் வந்த எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது மாதிரி ஆகிவிடும்.

காகிதத்தில் போட்ட மணி நேரத்துக்கும் வகுப்பில் நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கும், எந்த நாட்டிலும் இருக்கும். இருந்தாலும் மாற்று அட்டவணை ஒன்று, இத்தனை கிரெடிட் அங்கே இத்தனை என்று இரண்டு நாட்டு ஆணையங்களும் ஒப்புக்கொண்டு வெளியிட்டால், பாதி விண்ணப்பங்கள் மேசைக்கு மேசை அலையாது. இதற்கு ஒரு பாடத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

பள்ளிப் பாடத்தில் நிலைமை வேறு மாதிரி. நம்ம ப்ளஸ் டூவில் தமிழ், ஆங்கிலம், அப்புறம் நான்கு பாடம். பயாலஜி மேத்ஸ் குரூப் எடுத்த பிள்ளை கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாமே படிக்கும், இன்ஜினியரிங் மருத்துவம் இரண்டு கதவும் அதற்குத் திறந்திருக்கும். இலங்கை உயர்தரத்தில் முக்கியப் பாடம் மூன்றுதான். கணிதப் பிரிவு என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். உயிரியல் பிரிவு என்றால் கணிதத்தின் இடத்தில் உயிரியல். பதினாறு பதினேழு வயதிலேயே கதவு ஒன்று மூடிவிடுகிறது, ஆனால் எடுத்த மூன்றில் ஆழம் அதிகம். அவர்களுடைய இணைந்த கணிதத்தில் நிலையியலும் இயக்கவியலும் கணிதமாகவே, முழுப் பகுதியாக வரும். நம்ம பிள்ளை அதை இயற்பியல் வகுப்பில் கொஞ்சம்தான் பார்க்கும், பதிலாக நம்ம பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் பகுதி வகைக்கெழுவும் தனிநிலைக் கணிதமும் வருகிறது. எது உயர்ந்தது என்று கேட்பதே வீண். யாழ்ப்பாணத்துப் பிள்ளை சென்னையில் சேர்ந்தால் எந்த இரண்டு அத்தியாயத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும், சென்னைப் பிள்ளை அங்கே போனால் எதைப் படிக்க வேண்டும் என்று பாடவாரியாக ஒரு ஒப்பீட்டு வரைபடம் இருந்தால் போதும். அதைத் தயாரிக்க வேண்டியவர்கள் அதிகாரிகள் இல்லை, இரண்டு பக்கத்திலும் அந்தப் பாடத்தை வருடக்கணக்காக நடத்திய ஆசிரியர்கள்.

இதில் தமிழுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு, பல அண்டை நாடுகளுக்கு அமையாத ஒரு வாய்ப்பும் உண்டு. இரண்டு நாடுகளிலும் பள்ளியில் அறிவியலைத் தமிழிலேயே படிக்கலாம், ஆனால் கலைச்சொற்கள் ஒத்துப்போவதில்லை. நமக்கு முடுக்கம், அங்கே ஆர்முடுகல். நமக்கு ஆக்சிஜன், அங்கே ஒட்சிசன். இதெல்லாம் பழகிவிடும், ஆபத்தானது வேறு: அங்கே வேகம் என்றால் திசையோடு சேர்ந்தது, நாம் திசைவேகம் என்பது அது. நாம் வேகம் என்பது அங்கே கதி. ஒரே சொல், இரண்டு வேறு அளவுகள், தேர்வுத்தாளில் ஒரு கணக்கையே தவறாக்கிவிடும். முகாமில் வளர்ந்து பாதியில் ஊர் திரும்பிய ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள், மொழி தெரிந்தும் கேள்வி புரியாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு சொல்லை ஒழித்து இன்னொன்றைத் திணிக்கச் சொல்லவில்லை, இலங்கைச் சொற்களில் நம்மைவிட நல்லவை பல இருக்கின்றன. பாடநூலின் பின்பக்கத்தில் இரு நாட்டு வழக்கும் பக்கத்தில் பக்கத்தில் வரும் ஒரு சொற்பட்டியல், அவ்வளவுதான் கேட்பது. தமிழ்நாடு பாடநூல் கழகமும் இலங்கையின் தேசிய கல்வி நிறுவகமும் மனது வைத்தால் அடுத்த பதிப்பிலேயே செய்துவிடலாம்.

வரலாற்றுப் பாடத்தை மட்டும் இந்த வேலையின் தொடக்கத்தில் தொடக்கூடாது. பிரான்ஸும் ஜெர்மனியும் 1963இலேயே நட்பு ஒப்பந்தம் போட்டுவிட்டன, ஆனால் இரு நாட்டு மாணவர்களும் ஒரே உள்ளடக்கத்தைப் படிக்கும் கூட்டு வரலாற்று நூலின் முதல் தொகுதி வெளிவர 2006 ஆனது, மூன்றாவது தொகுதிக்கு 2011. வந்த பிறகும் அதைப் பயன்படுத்திய பள்ளிகள் குறைவு. 1948இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டதையும், 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தையும், கச்சத்தீவையும், போரையும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் டெல்லியிலும் ஒரே பத்தியில் எழுத முடியுமா? முயற்சி வேண்டும், மிகவும் வேண்டும், ஆனால் அது இந்தப் பாலத்துக்கு முன்நிபந்தனையாக இருந்தால் பாலமே வராது. இயற்பியலில் தொடங்கலாம், கணக்குப் பதிவியலில் தொடங்கலாம், செவிலியர் படிப்பில் தொடங்கலாம்.

பட்டத்தின் பெயரும் மாதக் கணக்கும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பணம் கட்டித் தெரிந்துகொண்டிருக்கின்றன. பிலிப்பைன்ஸில் மருத்துவம் என்பது ஒரு முன்படிப்பும் அதற்கு மேல் நான்கு வருட எம்.டி.யும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதி, மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும் என்றது. நான்கு வருடம் என்பது 48 மாதம். முன்படிப்பைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்ற ஒரே கேள்வியில் எத்தனையோ பிள்ளைகளின் எதிர்காலம் தொங்கியது. இரண்டு நாட்டு ஆணையங்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயத்தைப் பெற்றோர்கள் ஏஜெண்டுகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

தெற்காசியாவுக்கு என்று ஒரு முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தெற்காசியாவின் எட்டு நாடுகள் சேர்ந்த சார்க் அமைப்பின் 2007 மாநாட்டில் ஒப்பந்தமாகி 2010இல் டெல்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகம் தொடங்கியது, எட்டு நாட்டு மாணவர்களும் சேரலாம், அதன் பட்டத்தை எட்டு நாடுகளும் ஏற்றுக்கொள்ளும். அருமையான யோசனை. ஆனால் சார்க் தலைவர்கள் கடைசியாக மாநாட்டில் கூடியது 2014இல் காத்மாண்டுவில், அதற்குப் பிறகு அந்த அமைப்பே உறைந்துபோய்க் கிடக்கிறது. இந்தியா பாகிஸ்தான் உறவு சரியாகும் வரை திருநெல்வேலியும் திருகோணமலையும் காத்திருக்க வேண்டிய அவசியம் கிடையாது, பால்டிக் நாடுகள் செய்ததுபோல இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ தொடங்கலாம். இந்தியாவுக்கு இந்த வேலை தெரியாததும் இல்லை: 2022இல் பிரிட்டனோடும் 2023இல் ஆஸ்திரேலியாவோடும் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் அங்கீகரிக்கும் ஏற்பாடு கையெழுத்தாகிவிட்டது.

கடைசியாக, உடனே மாற்றக்கூடிய ஒரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம் நடத்துவதற்கு இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் விதிமுறை வெளியிட்டது. மாணவர் படிப்பின் ஒரு பகுதியை அங்கே படித்து கிரெடிட்டைக் கொண்டுவரலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் தனி அனுமதி இல்லாமல் கைகோக்க வேண்டுமென்றால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் க்யூஎஸ் அல்லது டைம்ஸ் உலகத் தரவரிசையில் முதல் 1000 இடத்துக்குள் இருக்க வேண்டும். இந்த வரிசை ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கை, சர்வதேசப் பெயர் இவற்றையெல்லாம் வைத்துப் போடப்படுவது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அந்த 1000க்குள் வராது, மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் வராது. சென்னையிலிருந்து லண்டனுக்கும் மெல்போர்னுக்கும் கதவு எளிதாகத் திறக்கிறது, ராமேஸ்வரத்துக்கு எதிரே இருக்கிற கரைக்குத் திறப்பதில்லை. தமிழில் பாடம் நடத்துகிற, நம்ம பேராசிரியர்களோடு பல தலைமுறையாகப் புத்தகமும் ஆய்வும் பகிர்ந்துகொண்ட பல்கலைக்கழகங்களைத் தரவரிசை எண்ணால் தள்ளிவைப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அண்டை நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது, அந்த நாட்டுத் தர உறுதி அமைப்பின் மதிப்பீடே போதும் என்று ஒரு வரி சேர்த்தால், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே ஒரு பருவம் அங்கே, ஒரு பருவம் இங்கே என்று படிக்கும் பட்டப்படிப்பை அடுத்த கல்வியாண்டுக்கே திட்டமிடலாம்.